கொட்டாவியும் மூன்று நாற்காலிகளும்

அவளுக்கு அம்மாவும் அப்பாவும் ஆசையாக வைத்த பெயர் ஒன்று உண்டு. அது வருகைப் பதிவேட்டில் பத்திரமாக இருக்கிறது. பள்ளிக்கூடத்தில் எல்லோரும் அவளைக் கூப்பிடுவது கொட்டாவி என்றுதான்.

ஆறாம் வகுப்பில் மூன்றாவது பெஞ்சில், ஜன்னல் ஓரம் அவள் இடம். இரண்டாவது பாடவேளை தொடங்கியதும் அவள் வாய் மெல்லத் திறக்கும். கையால் மூடிக்கொள்வாள். மூடி என்ன செய்ய? கொட்டாவி ஒட்டுவாரொட்டி ஆயிற்றே. பக்கத்துப் பெஞ்சுக்குத் தாவும். அங்கிருந்து பின் பெஞ்சுக்குப் போகும். கடைசியில் கரும்பலகைக்கு முன்னால் நிற்கும் டீச்சரையும் பிடித்துவிடும். டீச்சர் சாக்பீஸ் கையால் வாயைப் பொத்துவார். கையை எடுத்தால் வெள்ளை மீசை முளைத்திருக்கும்.

"ஆரம்பிச்சு வச்சது யாருன்னு கேக்கவே வேண்டாம்," என்பார் டீச்சர்.

"சாரி டீச்சர்," என்பாள் அவள். சொல்லும்போதே இன்னொன்று வரும்.

அவள் சோம்பேறி இல்லை. காலை ஐந்தரைக்கே எழுந்துவிடுகிற பெண். எட்டு மாதத்துக்கு முன்னால் அவள் அம்மாவுக்கு மார்பகத்தில் கட்டி வந்தது. புற்றுநோய் என்றார்கள். ஆபரேஷன் நடந்தது, அப்புறம் மாதக்கணக்கில் மருந்து ஏற்றினார்கள். இப்போது எல்லாம் முடிந்துவிட்டது. நோய் போய்விட்டது என்று டாக்டரே சொல்லிவிட்டார். அசதி மட்டும் போகவில்லை. கிளம்புகிறேன் கிளம்புகிறேன் என்று சொல்லிக்கொண்டே வாசலில் நின்று ஒரு மணி நேரம் பேசுகிற விருந்தாளியைப் போல, அது அந்த வீட்டிலேயே நின்றுகொண்டிருந்தது.

சட்டைக்குப் பொத்தான் போட்டுவிட்டு அம்மா ஐந்து நிமிடம் உட்காருவாள். தலை வாரிவிட்டுப் பத்து நிமிடம் உட்காருவாள். வார வேண்டிய முடி என்னவோ விரல் அகலம்தான், இப்போதுதான் முளைக்கிறது. இடது கையைத் தோளுக்கு மேல் தூக்க முடியாது. குனிந்தால் தலை சுற்றும். அதனால் மேல் அலமாரி டப்பாக்கள் எல்லாம் கீழே இறங்கின, கீழ் அலமாரிப் பாத்திரங்கள் எல்லாம் மேலே ஏறின. சமையலறையில் எல்லாமே அம்மாவின் இடுப்பு உயரத்துக்கு வந்து வரிசை கட்டி நின்றன. அதைச் செய்து வைத்தது கொட்டாவிதான். யாரும் சொல்லவில்லை. அம்மா எங்கே கை நீட்டித் திணறுகிறாள் என்று இரண்டு நாள் பார்த்தாள், மூன்றாம் நாள் மாற்றி வைத்துவிட்டாள்.

அப்பாவுக்குச் சரக்குக் கப்பலில் வேலை. ஆறு மாதத்துக்கு ஒரு முறை நேரில் வருவார், வாரத்துக்கு ஒரு முறை போனில் வருவார். வீட்டைத் தோளில் போட்டுச் சுமப்பது சித்தி. அம்மாவின் ஒரே தங்கை. சலவைக் கூடத்தில் வேலை. ஹோட்டல்களிலிருந்து மலை மலையாக வரும் படுக்கை விரிப்புகளை நாள் முழுக்க நின்றபடியே இஸ்திரி போடுவாள். சாயங்காலம் வரும்போது செருப்பைக் கழற்றுவதற்கே ஒரு மூச்சு விட்டுக்கொள்வாள்.

அந்தப் பள்ளிக்கூடத்தில் ஒரு வழக்கம். ஒவ்வொரு வருடமும் ஆறாம் வகுப்புப் பிள்ளைகள் ஏதாவது ஒரு நல்ல காரியத்துக்கு நிதி திரட்டுவார்கள். எதற்கு, எப்படி, எல்லாம் அவர்கள் பாடு. டீச்சர்கள் தலையிடக் கூடாது.

இந்த வருடம், "மார்பகப் புற்றுநோய்க்காகப் பண்ணலாம்," என்று சொன்னது வகுப்புத் தலைவி. அவளுக்குப் பட்டப்பெயர் விசில். கழுத்தில் எப்போதும் ஒரு விசில் தொங்கும். குளிக்கும்போதும் கழற்ற மாட்டாள் என்று பேச்சு.

நான்கு வெள்ளிக்கிழமைகள், பள்ளி வாசலில் கடை. காகிதப் பூ, புத்தகத்தில் வைக்கும் அடையாள அட்டை, கையில் கட்டும் இளஞ்சிவப்பு நூல். வாங்குகிறவர்கள் உண்டியலில் விருப்பப்பட்டதைப் போடலாம். உண்டியல் மூன்றாம் வாரமே நிரம்பிவிட்டது. நகரத்து ஆஸ்பத்திரியிலிருந்து பரிசோதனை வண்டியைப் பள்ளி மைதானத்துக்கே வரவழைக்க அது போதும்.

ஆனால் சிக்கல் வேறு இடத்தில் உட்கார்ந்திருந்தது. வண்டியோடு வரும் நர்ஸ் அக்கா முதல் வாரமே ஒரு நீளக் காகிதத்தைக் கொடுத்துவிட்டுப் போயிருந்தார்.

"வண்டிக்கு டீசல் ஊத்த உங்க உண்டியல் போதும் பிள்ளைங்களா. வண்டிக்குள்ள ஏற ஆள் வேணுமே. நாற்பது வயசு தாண்டினவங்க, இல்லேன்னா வீட்ல யாருக்காவது இது வந்திருக்கிறவங்க, அவங்க பேரை அவங்களே எழுதணும். முப்பது பேர் சேர்ந்தா டாக்டர் வருவாங்க. சேரலேன்னா அந்த நாளை வேற இடத்துக்குக் கொடுத்துடுவாங்க. நாலாவது வெள்ளிக்கிழமை அஞ்சு மணிக்கு வந்து காகிதத்தை வாங்கிக்கறேன்."

இன்றைக்கு நாலாவது வெள்ளிக்கிழமை.

"நாலு பேர்," என்றாள் விசில், மதிய இடைவேளையில். காகிதத்தைப் பெஞ்சு மேல் போட்டாள். "நாலு வாரத்துக்கு நாலு பேர். இந்த வேகத்துல போனா வண்டி வரதுக்குள்ள எனக்குப் பேரன் பேத்தி பிறந்துடும்."

நான்கில் ஒன்று டீச்சர். ஒன்று விசிலின் அம்மா. மகள் நச்சரிப்புத் தாங்காமல் எழுதியது. மற்ற இரண்டு பேர் வாட்ச்மேன் தாத்தாவின் மனைவியும் மகளும்.

"என் போஸ்டர் நல்லாத்தானே இருக்கு," என்றான் பென்சில். ஆள் ஒல்லி, கூரான மூக்கு, ஓவியத்தில் புலி.

போஸ்டர் நன்றாகத்தான் இருந்தது. பெரிய இளஞ்சிவப்பு ரிப்பன், சுற்றிலும் பதினேழு பட்டாம்பூச்சிகள். நடுவில், 'வாருங்கள், பரிசோதனை செய்துகொள்ளுங்கள்.'

"என்ன பரிசோதனைன்னு எங்கடா போட்டிருக்கே?" என்று கேட்டாள் கொட்டாவி.

பென்சிலின் காது இரண்டும் ரிப்பன் நிறத்துக்கு வந்தன. "அது... எல்லாருக்கும் தெரியும்ல."

"போன வாரம் ஒரு தாத்தா கண் பரிசோதனையான்னு கேட்டாரே. கண்ணாடி கொண்டு வரலைன்னு திரும்பிப் போயிட்டாரே."

"அந்த வார்த்தையை எழுதினா எல்லாரும் சிரிப்பாங்க."

"எங்க வீட்ல யாரும் சிரிக்கல," என்றாள் கொட்டாவி. கோபமாகச் சொல்லவில்லை. கொட்டாவி விட்டபடியேதான் சொன்னாள். ஆனால் பென்சில் தலையைக் குனிந்துகொண்டு பெஞ்சில் இருந்த ஒரு பழைய கீறலைச் சுரண்ட ஆரம்பித்தான்.

விசில் குரலைத் தணித்தாள். "நான் ஒண்ணு சொல்றேன். வகுப்புல முப்பத்தஞ்சு பேர் இருக்கோம். நம்ம அம்மா பேரையெல்லாம் நாமளே எழுதிட்டா என்ன?"

"அன்னிக்கு யாரு வருவா?" என்றாள் கொட்டாவி. "டாக்டர் மட்டும் வண்டியில உட்கார்ந்து பட்டாம்பூச்சி எண்ணிக்கிட்டு இருப்பாங்க."

விசிலுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. ஆனாலும் முகம் தெளியவில்லை. நாலு வாரமாகக் கத்திக் கத்தி அவளுக்குத் தொண்டை கட்டியிருந்தது. பென்சிலுக்கு விரலெல்லாம் பசை. எல்லோரும் களைத்துப் போயிருந்தார்கள். நல்ல காரியமே ஆனாலும் கால் வலிக்கத்தானே செய்யும்.

கொட்டாவிக்கு இன்னொரு கவலையும் இருந்தது. அதை அவள் யாரிடமும் சொல்லவில்லை. அந்தக் காகிதத்தில் முப்பது பேர் இருந்தாலும் முந்நூறு பேர் இருந்தாலும், அவள் தேடுவது ஒரே ஒரு பேரை. சித்தியின் பேர்.

சித்தி தினமும் அந்த வாசல் வழியாகத்தான் வீட்டுக்குப் போவாள். மூன்று வெள்ளிக்கிழமையும் உண்டியலில் காசு போட்டாள், ஒரு பூவும் வாங்கினாள். காகிதத்தை நீட்டினால் மட்டும், "அடுத்த வாரம் பார்க்கலாம் கண்ணு. எனக்கு எங்க நேரம்?" என்று நடையைக் கட்டினாள்.

அம்மாவும் அப்படித்தான் சொல்லிக்கொண்டிருந்தாள். 'எனக்கு எங்க நேரம்?' கொஞ்சம் முன்னாடியே வந்திருந்தால் இவ்வளவு பாடு பட்டிருக்க வேண்டாம் என்று டாக்டர் சொன்னபோது, கொட்டாவி கதவுக்குப் பக்கத்தில்தான் நின்றிருந்தாள்.

மூன்றே காலுக்கு முதல் மணி அடித்தது. சின்ன வகுப்புப் பிள்ளைகளை அழைத்துப் போக அம்மாக்கள் வந்தார்கள். கடைசி வாரம் என்பதால் ஆறாம் வகுப்புக்கும் அப்போதே அனுமதி கிடைத்திருந்தது. விசில் ஊதினாள், கட்டின தொண்டையால் கூப்பிட்டாள். பென்சில் போஸ்டரைத் தலைக்கு மேல் பிடித்தான்.

அம்மாக்கள் நின்றார்கள், காசு போட்டார்கள், பூ வாங்கினார்கள். காகிதத்தைப் பார்த்தார்கள்.

"அடுத்த தடவை எழுதறேன்பா."

"வீட்ல வேலை கிடக்கு."

"பஸ் வந்துடும்."

கொட்டாவி கத்தவில்லை. அவளுக்குக் கத்துவதற்குத் தெம்பு இல்லை. சுவரில் சாய்ந்து, சமையலறையில் அம்மாவைப் பார்த்ததுபோலவே பார்த்துக்கொண்டு நின்றாள்.

ஒரு அம்மா வந்தாள். காகிதத்தைப் பார்த்தாள். பேனாவைப் பார்த்தாள். அவள் வலது கை இடுப்புக்குப் போனது. லேசாக முகம் சுளித்தாள். போய்விட்டாள்.

அடுத்தவள் வந்தாள். காகிதம், பேனா, இடுப்பு. போய்விட்டாள்.

மூன்றாவது அம்மா கொஞ்சம் குனிந்தே பார்த்தாள். பாதியில் "அப்பாடி" என்று நிமிர்ந்தாள். அவளும் போய்விட்டாள்.

கொட்டாவி சுவரை விட்டு நகர்ந்தாள்.

"இந்த மேசையை எங்கேர்ந்து கொண்டு வந்தீங்க?"

"குட்டிப் பசங்க வகுப்புலேர்ந்து," என்றான் பென்சில். "அதுதான் தூக்க லேசா இருந்துச்சு. ஏன்?"

"எவ்வளவு உயரம்னு பாரு."

பார்த்தார்கள். நாலு வயதுப் பிள்ளைகள் களிமண் உருட்டுகிற மேசை. பெரியவர்களின் முழங்காலுக்குத்தான் வரும். அதன் மேல் காகிதம், பக்கத்தில் சாண் நீள நூலில் கட்டின பேனா. பேனா தொலையக் கூடாதென்று விசில்தான் கட்டியிருந்தாள். பேர் எழுத வேண்டுமானால் நாலாக மடிந்து குனிய வேண்டும்.

"நாம தரையில உட்கார்ந்து விக்கறோம். நமக்குச் சரியா இருந்துச்சு," என்றாள் விசில் மெதுவாக.

"காலையிலேர்ந்து நின்னுட்டு வராங்க. அவங்களைப் போய்க் குனியச் சொல்றோம்," என்றாள் கொட்டாவி. "சித்திக்கு இஸ்திரி போட்டுப் போட்டு முதுகே பிடிச்சுக்கும். அம்மாவும் குனிய மாட்டா. நமக்கு நாற்காலி வேணும். கை வச்ச நாற்காலி. சாஞ்சா சாயற மாதிரி."

"வகுப்புல பெஞ்சுதானே இருக்கு?"

"வா, கேட்டுப் பார்க்கலாம். கேட்டா வாயா தேஞ்சு போகும்?"

முதலில் வாட்ச்மேன் தாத்தா. வாசலில் அவருக்கு ஒரு மர நாற்காலி உண்டு. பதினோரு வருடமாக அவர் உட்கார்ந்து உட்கார்ந்து, அது அவர் முதுகு வளைவுக்கே வளைந்திருந்தது.

"தாத்தா, ஒன்றரை மணி நேரத்துக்கு உங்க நாற்காலி கிடைக்குமா?"

"நான் எங்க உட்காரது?"

"நீங்க நின்னா கம்பீரமா இருக்கும் தாத்தா," என்றான் பென்சில்.

தாத்தா அவனை ஒரு பார்வை பார்த்தார். "ஐஸ் வைக்காதே. குளிர் காலம். எடுத்துட்டுப் போ."

இரண்டாவது, பாட்டு டீச்சரின் நாற்காலி. மெத்தை வைத்தது. பாட்டு டீச்சர் அன்றைக்கு லீவு. வகுப்பு டீச்சர்தான், "திங்கட்கிழமை காலையில அதே இடத்துல இருக்கணும். நான் எதையும் பார்க்கல," என்று சொல்லிவிட்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

மூன்றாவது சுலபத்தில் கிடைக்கவில்லை. தலைமையாசிரியை அறைக் கதவு திறந்திருந்தது. அவர் வகுப்புகளைச் சுற்றிப் பார்க்கப் போயிருந்தார். மேசைக்குப் பின்னால் சக்கரம் வைத்த, சுழலுகிற, கறுப்பு நாற்காலி. உயரமான முதுகு. கொட்டாவி விசிலைப் பார்த்தாள். விசில் கூரையைப் பார்த்தாள்.

"கேக்காம எடுக்கக் கூடாது," என்றாள் கொட்டாவி. மேசையிலிருந்த துண்டுக் காகிதத்தில் எழுதினாள்: 'அம்மா, உங்கள் நாற்காலி வாசலில் இருக்கிறது. கோபம் வந்தால் அங்கே வந்து உட்கார்ந்துகொண்டு திட்டலாம். ஆறாம் வகுப்பு.'

மைதானத்தின் குறுக்கே அந்தச் சுழல் நாற்காலி கடகடவென்று உருண்டது. வழியெல்லாம் கல். பென்சில் முன்னால் இழுக்க, விசில் பின்னால் தள்ள, ஊர்வலம் வாசலுக்கு வந்து சேர்ந்தது.

மூன்று நாற்காலிகளையும் மர நிழலில் போட்டார்கள். காகிதத்தை ஒரு அட்டையில் வைத்து, பேனாவின் நூலை அறுத்துவிட்டார்கள். பென்சில் போஸ்டரைத் திருப்பிப் போட்டுப் பின்பக்கம் பெரிதாக எழுதினான். முதலில் 'மார்பகப் புற்றுநோய்ப் பரிசோதனை.' அதை எழுதும்போது காது மறுபடி சிவந்தது, ஆனால் ஒரு எழுத்தையும் சின்னதாக்கவில்லை. அதற்குக் கீழே கொட்டாவி சொன்னதை எழுதினான். 'இங்கே சும்மா உட்காரலாம்.'

நான்கு மணி ஆயிற்று. இரண்டாவது மணி அடித்தது. பெரிய வகுப்புப் பிள்ளைகளின் அம்மாக்கள் வந்தார்கள். பக்கத்துப் பஸ் நிறுத்தத்தில் வேலை விட்டு வரும் பெண்களும் இறங்கினார்கள். அந்த நிறுத்தத்தில் ஒரு பெஞ்சு கிடையாது.

எல்லோரும் நாற்காலியைப் பார்த்தார்கள். யாரும் உட்காரவில்லை. முதலில் உட்கார யாருக்குத்தான் கூச்சம் இருக்காது? விசில் ஊதப் போனாள்.

"ஊதாதே," என்றாள் கொட்டாவி. அவளுக்கு ஏதோ சொல்ல வேண்டும் என்றுதான் இருந்தது. ஆனால் ஐந்தரையிலிருந்து விழித்திருக்கிற பெண் அல்லவா, வாயைத் திறந்ததும் வார்த்தைக்கு முன்னால் கொட்டாவி வந்துவிட்டது. சின்னக் கொட்டாவி இல்லை. காதுவரை போய், கண்ணில் தண்ணீர் வந்து, கடைசியில் ஒரு 'ஹா' என்று முடிகிற கொட்டாவி.

இரண்டு கையிலும் காய்கறிப் பை வைத்திருந்த ஒரு அம்மாவுக்கு அது அப்படியே ஒட்டிக்கொண்டது. கை இரண்டிலும் பை, வாயை மூட முடியவில்லை. கொட்டாவி விட்டுவிட்டு அவளே சிரித்தாள்.

"என்ன பொண்ணும்மா நீ. என்னையும் விட வச்சுட்டே."

"உட்காருங்க அக்கா. பையைக் கீழ வைங்க."

"எவ்வளவு?"

"உட்காரவா? சும்மாதான்."

அவள் மெத்தை நாற்காலியில் உட்கார்ந்தாள். முதுகு சாய்ந்ததும், "அம்மாடி" என்றாள். அந்த ஒரு சொல்லில் அன்றைய நாள் முழுக்க இருந்தது. அதைக் கேட்டதும் இன்னொருத்தி மர நாற்காலியில் உட்கார்ந்தாள்.

சும்மா உட்கார்ந்தவர்களுக்குச் செய்ய ஒன்றும் இல்லை. போஸ்டரைப் படித்தார்கள். நின்றுகொண்டு ஓடுகிறவர்கள் யார் எதைப் படிக்கிறார்கள், சொல்லுங்கள்.

"இது ஆஸ்பத்திரியில பண்ணுவாங்களே, அதுவா?" என்று காய்கறிப் பை அம்மா கேட்டாள், சொல்லைச் சொல்லாமல் போஸ்டரைக் கண்ணால் காட்டி.

பென்சில் இருமினான். கொட்டாவிதான் பதில் சொன்னாள். "ஆமா அக்கா. மார்பகத்துல கட்டி இருக்கான்னு பார்ப்பாங்க. வண்டி இங்கேயே வரும். பொம்பளை டாக்டர்தான். எங்க அம்மாவுக்கு வந்துச்சு."

அந்த அம்மா போஸ்டரை விட்டு அவள் பக்கம் திரும்பினாள். "இப்ப எப்படி இருக்காங்க?"

"நல்லா இருக்காங்க. அசதியாவும் இருக்காங்க."

காய்கறிப் பை அம்மா கையை நீட்டினாள். "அந்தப் பேனாவைக் கொடு."

ஐந்தாவது பேர். எழுதிவிட்டுப் பக்கத்து நாற்காலியில் இருந்தவளிடம், "நீயும் எழுதேன். சேர்ந்தே வருவோம், எனக்கும் துணையா இருக்கும்," என்றாள். ஆறாவது பேர்.

ஒருத்தி எழுந்தால் ஒருத்தி உட்கார்ந்தாள். காத்திருந்தவர்கள் வரிசையாக நின்று பேச ஆரம்பித்தார்கள். நாலரைக்குப் பதினெட்டுப் பேர்.

அப்போதுதான் தலைமையாசிரியை வந்தார். கையில் அந்தத் துண்டுக் காகிதம். வேகமான நடை. வாட்ச்மேன் தாத்தா வானத்தில் ஏதோ பறவையைத் தேட ஆரம்பித்தார். பென்சில் போஸ்டருக்குப் பின்னால் போய்விட்டான், இரண்டு கால் மட்டும் தெரிந்தது.

"என் நாற்காலி எங்கே?"

சுழல் நாற்காலி அப்போது காலியாக இருந்தது. கொட்டாவி அதை அவர் பக்கம் திருப்பினாள். "கோபமா இருந்தா உட்கார்ந்து திட்டலாம்னு எழுதியிருக்கேன் மேடம்."

அவர் உட்கார்ந்தார். திட்டுவதற்கு வாயைத் திறந்தார். திறந்த வாயில் கொட்டாவி வந்துவிட்டது. வாசலில் முப்பது பேர் பார்த்துக்கொண்டிருக்க, பள்ளிக்கூடத்தின் தலைமையாசிரியை தாராளமாக ஒரு கொட்டாவி விட்டார். அப்புறம் திட்ட என்ன இருக்கிறது?

"காலையிலேர்ந்து எட்டு மீட்டிங்," என்றார், தனக்குத்தானே. "பேனா யார்கிட்ட இருக்கு?"

தலைமையாசிரியையே எழுதிவிட்ட பிறகு டீச்சர்கள் சும்மா இருப்பார்களா? ஐந்து மணிக்கு நர்ஸ் அக்கா வந்தபோது காகிதத்தில் முப்பத்து மூன்று பெயர்கள் இருந்தன. நர்ஸ் அக்கா இரண்டு தடவை எண்ணினார். விசில் ஊதவே மறந்துபோய் நின்றாள். பென்சில் போஸ்டரைக் கீழே போட்டுவிட்டுத் தரையில் மல்லாந்து படுத்துவிட்டான்.

கொட்டாவி மட்டும் தெருவையே பார்த்துக்கொண்டிருந்தாள். நாலே முக்காலுக்கு வர வேண்டிய சித்தியைக் காணோம்.

"அக்கா, பத்து நிமிஷம் இருங்களேன்," என்றாள்.

"யார் வரணும்?"

"எங்க சித்தி."

பென்சில் படுத்தபடியே சொன்னான், "பேர்தான் உனக்குத் தெரியுமே. நீயே எழுதிடு."

பேனா அவள் கையில்தான் இருந்தது. காகிதத்தில் இடமும் இருந்தது. சித்தியின் கையெழுத்துகூட அவளுக்குப் போடத் தெரியும். கொட்டாவி பேனாவை மூடி அட்டை மேல் வைத்தாள்.

ஐந்தேகாலுக்குச் சித்தி வந்தாள். சலவைக் கூடத்தில் கூடுதலாக ஒரு லாரி விரிப்பு வந்துவிட்டதாம். முகம் நீராவியில் வெந்தது போல் இருந்தது. வழக்கம்போல உண்டியலுக்குக் காசு எடுக்கப் பையைத் திறந்தாள்.

"காசு வேண்டாம் சித்தி. உட்காரு."

"அம்மா தனியா இருப்பா கண்ணு. போகணும்."

"அஞ்சு நிமிஷம்."

சித்தி சுழல் நாற்காலியைப் பார்த்தாள். அவள் நாளெல்லாம் நிற்கிற கூடத்தில் நாற்காலியே கிடையாது. மெல்ல உட்கார்ந்தாள். செருப்பிலிருந்து காலை வெளியே எடுத்தாள்.

கொட்டாவி காகிதத்தை நீட்டவில்லை. பக்கத்தில் தரையில் உட்கார்ந்துகொண்டாள்.

கொஞ்ச நேரம் கழித்துச் சித்தியே பேசினாள், அவளுக்கு மட்டும் கேட்கிற மாதிரி. "நேரம் இல்லேன்னு சொன்னது பொய்டி. பயம். எனக்கும் ஏதாவது இருக்குன்னு சொல்லிட்டா, உங்க அம்மாவை யாரு பார்த்துப்பா? உன்னை யாரு பார்த்துப்பா?"

பெரியவர்கள் சொல்வதுபோல 'ஒண்ணும் இருக்காது' என்று சொல்லலாம். ஆனால் அது கொட்டாவிக்குத் தெரியாதே.

"எனக்கும் பயமாத்தான் இருக்கு," என்றாள். "அன்னிக்கு நானும் வரேன் சித்தி. வண்டிக்குள்ள விட மாட்டாங்க. வெளியில நின்னு உன் பையைப் பிடிச்சுக்கறேன். செருப்பையும் வேணும்னா பிடிச்சுக்கறேன்."

சித்தியின் உதடு கொஞ்சம் சிரித்தது. தலையைச் சாய்த்தாள். பதில் வரும் என்று கொட்டாவி காத்திருந்தாள். வரவில்லை. எட்டிப் பார்த்தால், சித்தி தூங்கிவிட்டாள்.

நர்ஸ் அக்கா கைக்கடிகாரத்தைப் பார்த்தார். கொட்டாவி அவரைப் பார்த்தாள். நர்ஸ் அக்கா காலியாக இருந்த மெத்தை நாற்காலியில் உட்கார்ந்து, தானும் கால் நீட்டிக்கொண்டார்.

"நானும் காலையிலேர்ந்து நின்னுக்கிட்டுதான் இருக்கேன்," என்றார்.

விசில் கழுத்திலிருந்து விசிலைக் கழற்றினாள். ஆமாம், கழற்றினாள். அது பொத்தானில் இடித்து 'டிங்' என்று கேட்குமாம், அதற்காக. பென்சில் நுனிக்காலில் நடந்து பூக்களைப் பெட்டியில் அடுக்கினான். வாட்ச்மேன் தாத்தா இரும்புக் கதவை மூடாமல் பிடித்துக்கொண்டு நின்றார். அதற்கு எண்ணெய் போட்டு மாதக்கணக்கு ஆயிற்று, மூடினால் தெருவே எழுந்துவிடும்.

இருபது நிமிடம் கழித்து ஒரு பஸ் ஹாரன் அடித்தது. சித்தி திடுக்கிட்டுக் கண் விழித்தாள். சுற்றிப் பார்த்தாள். ஒரு நர்ஸ், ஒரு வாட்ச்மேன், இரண்டு பிள்ளைகள், எல்லோரும் மூச்சு விடாமல் அவளையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். மடியில் அவளுடைய பை இல்லை. அது கொட்டாவியின் மடியில் இருந்தது. இரண்டு கையாலும் கட்டிப் பிடித்திருந்தாள். பக்கத்தில் செருப்பு ஜோடியாக இருந்தது.

"இப்பவே பழகிக்கறியா?" என்றாள் சித்தி.

"ஆமா."

சித்தி கண்ணைத் துடைத்துக்கொண்டாள். தூக்கக் கலக்கமாக இருக்கலாம். "அந்தக் காகிதத்தைக் கொண்டா. எங்க எழுதணும்?"

"இங்க. முப்பத்து நாலு."

சித்தி எழுதினாள். அவசரமில்லாமல், முதலெழுத்தோடு முழுப்பெயர். விரிப்பின் ஓரத்தை மடிப்பது போல நேராக எழுதினாள்.

நாற்காலிகளைத் திருப்பி வைத்துவிட்டு வீட்டுக்கு நடந்தார்கள். இரண்டு பேரும் மெதுவாகத்தான் நடந்தார்கள். சித்தியின் பையைக் கொட்டாவியே தூக்கிக்கொண்டு வந்தாள், கேட்டாலும் கொடுக்கவில்லை.

அம்மா கதவைத் திறந்தாள். "ஏன் இவ்வளவு நேரம்? நான் பயந்தே போயிட்டேன்."

"தலைமையாசிரியை நாற்காலியில தூங்கிட்டேன்கா," என்றாள் சித்தி.

அம்மாவுக்கு ஒன்றும் புரியவில்லை. ஆனால் காகிதத்துக்கு இன்றைக்குத்தான் கடைசி நாள் என்று அவளுக்கும் தெரியும். "பேர் எழுதினியா?" என்று மட்டும் கேட்டாள்.

"எழுதிட்டேன்."

அம்மா பெருமூச்சு விட்டாள். எட்டு மாதமாக உள்ளே வைத்திருந்த மூச்சு மாதிரி இருந்தது அது. "சரி, கை கால் கழுவிட்டு வாங்க. டீ போடறேன்," என்று சமையலறைப் பக்கம் திரும்பினாள்.

"நான் போடறேன்," என்றாள் சித்தி.

"நான் போடறேன்," என்றாள் கொட்டாவி. சொல்லி முடிப்பதற்குள் வாய் திறந்துகொண்டது. அது சித்திக்குத் தாவியது, சித்தியிடமிருந்து அம்மாவுக்குத் தாவியது.

அன்றைக்கு டீயை யாரும் போடவில்லை. மூன்று பேரும் கூடத்தில் வரிசையாக உட்கார்ந்து, சுவரில் சாய்ந்து, கால்களை நன்றாக நீட்டிக்கொண்டார்கள்.